போயா நாளில் ஒரு கதை முற்றம்

சனசமூக நிலையத்தில் சிறுவர் விழா என்று நோட்டீஸ் ஒட்டினால் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கவே தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அது எல்லோருக்கும் பாடம். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு, பிரதம விருந்தினர் உரை. அதன் பிறகு பிள்ளைகளின் பேச்சு, பாவோதல், பரிசளிப்பு, நன்றியுரை. இரண்டரை மணித்தியால விழாவில் பிள்ளைகள் வாய் திறக்கிற நேரத்தை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். அரை மணித்தியாலம் தேறினால் பெரிய காரியம். அதிலும் மேடை ஏறுவது ஏழெட்டுப் பிள்ளைகள். மிச்சம் முப்பது பேர் பிளாஸ்ரிக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு பணிசும் சோடாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிள்ளைகளுக்கான இலக்கிய நிகழ்வு ஒன்றைத் திட்டமிடும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்: வந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் குறைந்தது 5 நிமிடம் பேசியோ வாசித்தோ இருக்க வேண்டும், தன் கையால் அரை மணித்தியாலம் எழுதியோ படம் கீறியோ இருக்க வேண்டும். 40 பிள்ளைகளை ஒரே கூட்டமாக இருத்தினால் ஆளுக்கு 5 நிமிடம் என்பது மூன்று மணித்தியாலத்தைத் தாண்டும். பத்துப் பத்துப் பேராக நான்கு வட்டமாகப் பிரித்தால் அதே வேலை 50 நிமிடத்தில் முடியும். ஆகவே மேடை வேண்டாம், வட்டம் வேண்டும். மற்ற எல்லா ஒழுங்கும் இந்த ஒரு முடிவில் இருந்து வருவதுதான்.

நாள் தெரிவில் பிழை விட்டால் மற்ற எல்லாம் பிழையாகும். சனிக்கிழமை முழுக்க ரியூசன். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு. கத்தோலிக்க ஊர்களில் பூசையும் மறைக்கல்வியும். வெள்ளி பின்னேரம் கோயில். எஞ்சுவது மாதா மாதம் பூரணையன்று வருகிற போயா விடுமுறை. பள்ளிக்கூடம், கந்தோர், வங்கி எல்லாம் பூட்டு. வருடத் தொடக்கத்திலேயே எல்லாப் போயாவும் கலண்டரில் குறித்துக் கிடக்கும். 'ஒவ்வொரு போயாவும் பின்னேரம் மூன்றரை' என்று ஒருதரம் சொல்லிவிட்டால் மாதா மாதம் நோட்டீஸ் அடிக்கிற செலவு மிச்சம். முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம் நிலவு எழும்பிவிடும். வீதி விளக்கு இல்லாத ஒழுங்கைகளில் அது சின்ன உதவியல்ல.

போயாவிலும் பார்க்க வேண்டியவை உண்டு. பல கோயில்களில் தீர்த்தம் பூரணையில்தான் வரும். ஊர்க் கோயிலின் கொடியேற்ற நோட்டீஸைப் பார்க்காமல் நாள் குறித்தால், ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் கதை வாசிக்க வேண்டிவரும், பிள்ளைகளும் வரமாட்டார்கள். சித்திரைப் பூரணையில் தாயை இழந்தவர்கள் விரதம், கோயிலில் கஞ்சி. அந்த மாதத்தை விட்டுவிடலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஐந்தாம் தரப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். தாய் தகப்பனோடு வாதாடிப் பயனில்லை. பரீட்சை முடிந்த கையோடு அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் வைத்தால் எல்லோரும் வருவார்கள். அப்போது அவர்களுக்குப் போலக் கதைப் பசி வேறு யாருக்கும் இராது.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த மாதங்களில் வாசிப்பை மழை விட்ட இடைவெளிக்கு வைத்து, மழை பெய்யும்போது கீறுகிற, ஒட்டுகிற, தைக்கிற வேலையைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் தேவையான சாமான் ஆரம்பத்திலேயே வட்டத்தில் இருக்க வேண்டும். பொழுதும் ஆறு மணிக்கு முன்னரே பட்டுவிடும் என்பதால் மூன்று மணிக்கே தொடங்குவது நல்லது. நுளம்பு அதிகம், ஆனால் பூட்டிய அறைக்குள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நுளம்புத் திரி கொளுத்தக்கூடாது. முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

இடம் சனசமூக நிலைய மண்டபமாக இருக்கலாம், முன்பள்ளியாக இருக்கலாம், ஒரு பெரிய வீட்டு முற்றமாகவும் இருக்கலாம். ஒரு வட்டத்துக்கு எட்டடிக்கு எட்டடி போதும். ஆனால் இரண்டு வட்டத்துக்கு இடையில் 15 அடியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வட்டத்தின் சிரிப்பு மற்ற வட்டத்தின் கதையைக் குலைக்கும். 40 அடி நீள மண்டபத்தில் நான்கு வட்டமும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசிக்க முடியாது. இரண்டு உள்ளே, ஒன்று விறாந்தையில், ஒன்று மரத்தடியில் என்று பிரியுங்கள். மைக் வேண்டாம். ஒரு மைக் வந்தால் நான்கு வட்டமும் செத்து ஒரு கூட்டமாகிவிடும். ஒலிபெருக்கி கட்டுவதென்றால் பொலிஸ் அனுமதிக்கும் அலைய வேண்டும்.

மரத்தடி என்றால் எந்த மரம் என்று பாருங்கள். தென்னைக்குக் கீழும் பனைக்குக் கீழும் பிள்ளைகளை இருத்தவே கூடாது. சோளகக் காற்றுக் காலத்தில் காவோலை சொல்லாமல் விழும். மாமரம் என்றால் முசுறு இருக்கிறதா என்று காலையிலேயே பார்க்க வேண்டும். படங்கை (தார்ப்பாயை) விரித்துப் பிள்ளைகளை இருத்திய பிறகு கண்டால் எழுப்பி மாற்றுவதிலேயே கால் மணித்தியாலம் போய்விடும். வேம்பு நல்லது.

கிணறு. யாழ்ப்பாணத்து வளவில் கிணறு இல்லாத இடம் குறைவு, கட்டு உயரமாக இருக்கிற கிணறும் குறைவு. வலையாலோ பலகையாலோ மூட முடிந்தால் மூடுங்கள். முடியாவிட்டால் ஒரு பெரியவரைக் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்த வேண்டும். தொடக்கம் முதல் கடைசிப் பிள்ளை போகும்வரை அவருக்கு அது மட்டும்தான் வேலை. 'கொஞ்சம் இதையும் பாருங்கோ' என்று தேத்தண்ணி ஊற்ற அவரைக் கூப்பிடக்கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

மூன்றரைக்கு என்றால் மூன்றரைக்கு வருவது பத்துப் பேர். மற்றவர்கள் நாலு மணிவரை வந்துகொண்டிருப்பார்கள். வராதவர்களுக்காகக் காத்திருப்பது வந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். முதல் 20 நிமிடத்துக்கு நொடி (விடுகதை) போடுங்கள். 'அடிக்காமல் பேசாமல் கண்ணீர் வரப்பண்ணுவாள், ஆர் அவள்?' என்றதும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை 'வெங்காயம்!' என்று கத்தும். இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு 'இப்ப நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ' என்று பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். தெரியாத பிள்ளைக்கு அடுத்த போயாவுக்கு அப்பம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். நேரத்துக்கு வந்தால்தான் நொடி கிடைக்கும் என்று இரண்டாம் மாதத்தில் பிள்ளைகளே தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

மிச்ச நேரத்தை இப்படிப் பிரித்தால் பெரும்பாலும் சரிவரும்: 3.50க்கு வட்டமாகப் பிரிந்து 15 நிமிடம் வாசிப்பு, 20 நிமிடம் அதைப் பற்றிய பேச்சு, 4.25 தொடக்கம் 35 நிமிடம் எழுத்தும் படமும், ஐந்து மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதியதைத் தன் வட்டத்துக்கு வாசிப்பது, 5.20க்குச் சாப்பாடு, பிறகு எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரு மூத்தவரிடம் 15 நிமிடம் கதை கேட்பது, கடைசியாகப் புத்தகம் இரவல் எடுத்தல். வட்டங்கள் 3–5, 6–8, 9–10, 11–13 என்று வயதுப்படி. அக்காவை விட்டு இருக்கமாட்டேன் என்று அழுகிற சின்னது எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அக்காவைச் சின்ன வட்டத்தில் உதவிக்கு இருக்க விடுங்கள். அதுவும் அவளுக்கு ஒரு வாசிப்புத்தான்.

இனி வாசிப்பு. கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்திலேயே முதல் தடவை வாசிப்பவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். மூன்று நாளுக்கு முன்பே புத்தகத்தைக் கொடுத்து, ஒருதரம் மனதுக்குள், ஒருதரம் சத்தமாக, ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்து வாசித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே 7 நிமிடக் கதை போதும். எட்டு வயதுவரை 12. பெரிய பிள்ளைகள் 15 நிமிடம் தாங்குவார்கள். பிள்ளைகள் பாயில், வாசிப்பவர் சின்ன முக்காலியில். புத்தகத்தின் அடி விளிம்பு பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மடியில் வைத்து வாசித்தால் படம் வாசிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். வாசிப்பவரின் முதுகு மேற்குப் பக்கம் இருந்தால் பின்னேர வெயில் பிள்ளைகளின் கண்ணில் குத்தும், படம் கறுப்பாகத் தெரியும். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் நெளியத் தொடங்குவதற்குக் கதை காரணமாக இருக்காது, பல நேரம் இந்த வெளிச்சம்தான்.

பக்கம் திருப்ப முதல் ஒரு கணம் நிற்க வேண்டும். 'இனி என்ன நடக்கும்?' என்று கதை முழுவதிலும் இரண்டு தடவை கேட்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டால் கதை வகுப்பாகிவிடும். கதை முடிந்ததும் 'இதில இருந்து என்ன படிச்சீங்கள்?' என்று கேட்காதீர்கள். 'பொய் சொல்லக்கூடாது ரீச்சர்' என்று பத்துப் பேரும் ஒரே குரலில் சொல்லுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். 'இந்தக் கதையில ஆரை உங்களுக்குப் பிடிக்கேல்லை?' என்று கேட்டுப் பாருங்கள். நரியைப் பிடிக்கவில்லை என்று ஒருவன் சொல்ல, நரிக்காக இன்னொருத்தி சண்டை பிடிப்பாள். அந்தச் சண்டைதான் இலக்கியப் பேச்சு. அதற்குத்தான் 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.

நல்ல படங்களோடு கையில் கிடைக்கிற சிறுவர் புத்தகங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் அச்சானவை. அவற்றை வாசிக்கும்போது சொல் தட்டும். நாற்காலியைக் கதிரை என்றும், பப்பாளியைப் பப்பாசி என்றும், கொசுவை நுளம்பு என்றும் வாசிப்பவரே மாற்றிச் சொல்லிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மாற்றாமல் வாசித்து, 'நாங்கள் இதுக்கு என்ன சொல்லுவம்?' என்று கேட்பது நல்லது. ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. தவறான விளக்கம் தருகிற சொற்களைத்தான் முன்கூட்டியே பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். சர்க்கரை அவற்றில் ஒன்று. அங்கே பல இடங்களில் அது சீனி. இங்கே பிள்ளையின் மனதில் வருவது புக்கைக்குப் போடுகிற சர்க்கரைக் கட்டி. எறும்பு வெள்ளைச் சர்க்கரையைக் காவிக்கொண்டு போனது என்றால் பிள்ளை முழிக்கும். பாட்டி, தாத்தா என்று வருவதை அப்படியே விடலாம். ஆனால் 'இது அம்மம்மாவோ அப்பம்மாவோ?' என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். விடை சொல்லாமல் படத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கதைகளும் பாட்டுகளும் வேண்டுமென்றால், 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களும் சஞ்சிகைகளும் வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒரு மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பஸ்ஸில் 40 பேரைக் கொண்டுபோவது சுமை. ஒரு வட்டமாகப் பத்துப் பத்துப் பேராகப் போனால் அங்கே புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க நேரம் இருக்கும்.

ஊர்ப் பெரியவர்களை, அதிபரை, கிராம அலுவலரை, சனசமூக நிலையத் தலைவரைக் கூப்பிடாமல் நடத்த முடியாது, கூப்பிடாமல் விடுவதும் முறையல்ல. ஆனால் கூப்பிட்டால் பேச்சு வரும். இதற்கு நடைமுறையில் சரிவந்த வழி ஒன்றுதான்: அவர்களின் கையில் ஒரு புத்தகத்தையும் ஒரு வட்டத்தையும் கொடுத்துவிடுவது. 'சேர், எட்டு வயதுப் பிள்ளையளுக்கு நீங்கள்தான் இண்டைக்கு வாசிக்க வேணும்' என்று மூன்று நாளுக்கு முன்னமே வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தோடு கேட்டால் மறுப்பவர் அரிது. மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, வேலைக்கு வேலையும் ஆயிற்று. பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசில் இரண்டு படக்கதைப் புத்தகம் வாங்கலாம்.

போட்டி வேண்டாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பேச்சும் பாவோதலும் பாடசாலையில் தமிழ்மொழித்தினத்துக்கு இருக்கிறது. திறமை உள்ள பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு. ஊர் முற்றத்திலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று வைத்தால் பேச்சைத் தகப்பன் எழுதுவார், பிள்ளை பாடமாக்கும், நடுவில் ஒரு வரி மறந்து அழுதுகொண்டு இறங்கும். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வராது.

தாய் தகப்பனை எங்கே இருத்துவது என்பது பெரிய கேள்வி. தாய்மாரை அவரவர் பிள்ளையின் வட்டத்தில் விட்டால் நடப்பது இது: 'வடிவா எழுது', 'இந்தக் கோட்டுக்கு மேல எழுது', 'மரத்துக்கு ஆர் ஊதாக் கலர் அடிக்கிறது?' ஐந்து நிமிடத்தில் பென்சில் தாயின் கையில் இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வட்டத்தைத் தவிர வேறெங்கும் தாய் தன் பிள்ளையோடு இருக்கக்கூடாது. பக்கத்து வட்டத்துப் பிள்ளைக்கு உதவட்டும். மற்றவரின் பிள்ளையிடம் எல்லோரும் பொறுமையாகத்தான் பேசுவார்கள். தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி படலையடியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'உள்ளுக்கு வாங்கோ' என்றால் வரமாட்டார்கள். 'அண்ணை, இந்தத் தாளுகளுக்கு ஓட்டை போட ஒரு ஆள் வேணும்' என்றால் வருவார்கள். அதனால்தான் பிள்ளைகள் எழுதிக் கீறுகிற புத்தகத்தைத் தைப்பதை ஒவ்வொரு மாதமும் வைக்கச் சொல்கிறோம்.

அந்தப் புத்தகம் தைக்கும் வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஏ4 தாள் 2, அட்டைக்கு அதே அளவில் வெட்டிய பிறிஸ்டல் போர்ட் 1, நூல் 65 செ.மீ. தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவே மடித்தால் 8 பக்கம் வரும். மடிப்பைக் கரண்டியின் முதுகால் தேய்த்து அழுத்த வேண்டும். கையால் மட்டும் மடித்தால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும். அட்டையைத் தனியாக மடித்துத் தாள்களை அதற்குள் வைத்து, பழைய கொப்பி ஒன்றின்மேல் விரித்துப் போட்டு, மடிப்புக் கோட்டில் மூன்று துளை குத்த வேண்டும். மடிப்பின் நீளம் 21 செ.மீ.; மேலிருந்து 3.5, 10.5, 17.5 செ.மீ.இல் துளை வரும். துளை குத்துவது பெரியவர்களின் வேலை.

ஊசியை உள்ளே இருந்து நடுத் துளையால் வெளியே எடுங்கள். உள்ளே ஒரு சாண் நூல் தொங்கட்டும். மேல் துளையால் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத் துளையைத் தாண்டிக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுங்கள். கடைசியாக நடுத் துளையால் உள்ளே திரும்பி வாருங்கள். இப்போது உள்ளே நீளமாக ஒரு நூல் ஓடும். தொங்குகிற இரண்டு நுனியும் அதன் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அந்த நீள நூலைச் சேர்த்து இரண்டு முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நீள நூலைப் பிடிக்காது, புத்தகம் இளகிப்போகும். தைப்பதில் பிழை வருகிற இடம் பெரும்பாலும் இதுதான். தையில் பட்டம் விட்டு மிஞ்சிய முறுக்கு நூல் இதற்கு நல்லது. நைலோன் நூல் வழுக்கி முடிச்சு அவிழும். ஸ்டேப்லர் கெதியான வேலைதான். ஆனால் கடற்கரைக் காற்றில் அதன் கம்பி துருப்பிடித்து இரண்டு மாரியில் நடுப்பக்கம் கழன்றுவிடும்.

தைத்த பிறகுதான் எழுதவும் கீறவும் கொடுக்க வேண்டும். தனித் தாளில் கீறிவிட்டுப் பிறகு அடுக்கினால் முதலாம் பக்கத்துக்குப் பக்கத்தில் எட்டாம் பக்கம் வந்து நிற்கும், பிள்ளை அழும். ஒரு பக்கம் பழுதானால் அதன்மேல் வேறு தாளை அளவாக வெட்டி ஒட்டலாம். பெல்ற் பேனை மறுபக்கத்துக்கு ஊறும், பஸ்ரல் எதிர்ப்பக்கத்தில் அப்பும். ஆகவே கலர் பென்சில். பத்துப் பேருக்கு 12 நிறப் பெட்டி நான்கு போதும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள்.

எதை எழுதச் சொல்வது? 'எனது கனவு', 'நான் ஒரு பேனை பேசுகிறேன்' என்றால் பாடமாக்கிய கட்டுரை வரிசையாக வரும். 'உங்கட வீட்டில ஆர் முதல் எழும்புறது? எழும்பி என்ன செய்யிறவை?', 'உங்கட வேலியில என்னென்ன மரம் நிக்குது?', 'பூனை களவெடுத்த மீன்' என்று கண்ணால் கண்டதைக் கேளுங்கள். 'ரீச்சர், எத்தனை வரி?' என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம், ஒரு படம் என்று சொன்னால் பயம் போய்விடும். 'அம்மம்மா கோவிச்சுப்போட்டா' என்று பேசுகிற மாதிரியே எழுதினால் விட்டுவிடுங்கள். ழகர ளகரப் பிழைக்குச் சிவப்புப் பேனை எடுக்கிற இடம் இதுவல்ல. அட்டைக்கு வரும் தலைப்பை மட்டும், மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால், பிள்ளையோடு சேர்ந்து பார்த்துத் திருத்தலாம்.

மூத்தவரின் கதை. 'ஒரு கதை சொல்லுங்கோ அம்மம்மா' என்று கேட்டால் 'எனக்கென்ன மோனை தெரியும்' என்பதுதான் பதில். கேள்வியாகப் பிள்ளையின் வாயால் கேட்க வைக்க வேண்டும்: 'அம்மம்மா, நீங்கள் சின்னனில என்ன விளையாடினீங்கள்?', 'பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒழுங்கையால போனீங்கள்?' அப்போது வாய் திறக்கும். ஒரு பொருள் கையில் இருந்தால் இன்னும் நல்லது: ஒரு பனை ஓலைப் பெட்டி, ஒரு திருவலை, பழைய ஒரு பூட்டு. எங்கள் மூத்தவர்களின் கதை எங்கே தொடங்கினாலும் இடப்பெயர்வுக்குத் திரும்பும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால், வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களை இடைமறித்து 'அது வேண்டாம்' என்பது கொடுமை. அந்த நினைவை முழு விரிவோடு ஆறு வயதுப் பிள்ளை மேல் இறக்குவதும் சரியல்ல. பக்கத்தில் இருக்கிற ஒருவர் 'அண்டைக்கு என்ன சாப்பிட்டீங்கள்?', 'ஆற்றை வீட்டில இருந்தீங்கள்?' என்று மெல்லக் கேட்டால் கதை தண்ணி தந்தவர்கள் பக்கமும், சைக்கிளில் கட்டிக்கொண்டு போன ஆட்டுக்குட்டிப் பக்கமும் திரும்பும். பெரிய பிள்ளைகளுக்கு மிச்சத்தை வேறொரு நாள், வேறாக இருத்திச் சொல்லலாம். போனில் பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேட்டு, பிறகு ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆடியிலும் ஆவணியிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வருவார்கள். பலருக்குத் தமிழ் விளங்கும், கொஞ்சம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையை ஐந்து வயதுக்காரரோடு இருத்தினால் வெட்கப்பட்டு அடுத்த நாள் வராது. தன் வயது வட்டத்தில், ஒரு இங்கத்தைப் பிள்ளையோடு சோடியாக இருத்துங்கள்: ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவது. புத்தகம் இருவர் பெயரிலும் வரும். எல்லோருக்கும் முன்னால் 'தமிழ் தெரியாதோ?' என்று கேட்கிற பெரியவர்களை மட்டும் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவைக்க வேண்டும்.

ஆடி முதல் நாளான ஆடிப்பிறப்பு பெரும்பாலும் போயாவில் வராது. அந்த ஒரு மாதம் நாளை மாற்றலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு பாதியாவது தெரியாத வீடு இங்கே குறைவு என்பதால், அம்மப்பா முதல் பேத்தி வரை சேர்ந்து பாடக்கூடிய நாள் அது. அன்றைக்குக் காய்ச்சுகிற கூழுக்கு, 50 சின்னக் கோப்பை என்றால், 5 லீற்றர் தண்ணி, வறுத்த அரிசிமா 500 கிராம், வறுத்து உடைத்த பயறு 250 கிராம், தேங்காய் 4, பனங்கட்டி 1 கிலோ, கொஞ்சம் மிளகு சீரகம், தேங்காய்ச் சொட்டு. பயறு அவிந்த பிறகு மாவை ஆறிய தேங்காய்ப் பாலில் கரைத்துத்தான் விட வேண்டும். கொதிக்கிற தண்ணியில் நேரே கொட்டினால் கட்டி பட்டுவிடும். மற்ற மாதங்களுக்குக் கடலை போதும். 40 பிள்ளைகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் 2 கிலோ கொண்டைக்கடலை. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, செத்தல் மிளகாயைக் குறைத்துத் தாளிக்க வேண்டும். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கடலையும் கச்சானும் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும், அவர்களுக்கு வாழைப்பழம். புத்தக வேலை முடிந்த பிறகுதான் சாப்பாடு. எண்ணெய்க் கையோடு புத்தகம் தொட்டால் பிறகு எறும்பும் கரப்பானும் அதைத் தேடி வரும்.

இரவல் புத்தகத்துக்கு 40 பிள்ளைகள் என்றால் 60 புத்தகமாவது வேண்டும். கடைசியாக வருகிற பிள்ளைக்கும் தெரிவு இருக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, பெயர், புத்தக இலக்கம், திரும்பிய திகதி என்று நான்கு நிரல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவரே பதிவார். பிள்ளைகள் தைத்த புத்தகங்களையும் ஒரு மாதம் இந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு வீட்டுக்குக் கொடுங்கள். முதலில் இரவல் போவது அவைதான். தண்டம் அறவிடாதீர்கள், கிழிந்த புத்தகத்துக்கு ஏசவும் வேண்டாம். ஏசினால் அடுத்த கிழிந்த புத்தகம் திரும்பி வராது. கிழிந்ததைப் பிள்ளையே வெள்ளைப் பசையும் மெல்லிய தாள் கீலமும் வைத்து ஒட்டட்டும். செலோரேப் நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் பழுதாக்கும். பெட்டி றங்குப்பெட்டியாக இருந்தாலும் சீமெந்து நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லின்மேல் வையுங்கள். மாரியில் கறையான் நிலத்தில் இருந்துதான் ஏறும்.

எந்த வட்டத்திலும் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைத் தாய் தகப்பனைக் கேட்காமல் முகநூலில் போடக்கூடாது. வரும்போது யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று பதிந்துவைத்து, அவரிடமே அல்லது அவர் சொன்ன ஆளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். 'மாமா கூட்டிக்கொண்டு போறன்' என்று யார் வந்தாலும் கொப்பியைப் பாருங்கள். போகும்போது அடுத்த போயாத் திகதியைப் பிள்ளை தன் கையாலேயே இரவல் புத்தகத் துண்டில் எழுதிக்கொண்டு போகட்டும்.

கடைசி வேலை படங்கு. பொழுதுபட்ட பிறகு பனி இறங்கி அது ஈரமாக இருக்கும். அப்படியே மடித்து அலுமாரிக்குள் வைத்தால் அடுத்த மாதம் விரிக்கும்போது பூஞ்சணம் மணந்து, பிள்ளைகள் அதில் இருக்கமாட்டார்கள். அன்றைக்குச் சுருட்டி மட்டும் வைத்துவிட்டு, மறுநாள் காலை வெயிலில் போட்டு உலர்த்தி மடிக்க ஒரு ஆளை அங்கேயே சொல்லிவைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.